ஆறு பேர், ஐந்து மணி நேரம்

நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் நாங்கள் ஆறு பேரும் அப்பாவின் விமானத்தில் கிளம்புகிறோம். இனி இங்கே திரும்பி வரப் போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல இந்த நேரத்தில் யாரும் விழித்திருக்கவில்லை. விழித்திருந்தாலும் சொல்வேனா என்று தெரியாது. ஏற்கெனவே ஒருமுறை வாயைத் திறந்து பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. ஆறு ஓடும் மாதங்களில் படகு, உறைந்த பிறகு பனி வண்டி, எல்லா மாதங்களிலும் விமானம். சொந்தமாக ஒரு விமானம் வைத்திருந்து தானே ஓட்டத் தெரியாத ஆம்பளையை இந்தப் பக்கத்தில் ஊருக்குப் புதியவன் என்பார்கள். இரண்டு பேர் கையில் காபிக் கோப்பையோடு நின்றால் போதும், பேச்சு இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். எத்தனை பேர் ஏறலாம்? இறங்காமல் எவ்வளவு தூரம் போகலாம்? பக்கத்து வீட்டு ஆர்லோ முன்பு வைத்திருந்து விற்றுவிட்ட விமானம் இரண்டு பேருக்கானது, ஆனால் ஆற்று மணலில்கூட இறங்கும். அப்பாவின் பழைய விமானம் நாலு பேருக்கானது. அதில் நாங்கள் நாலு பேரும் ஏறி, டேங்கை நிரப்பிக்கொண்டு, மலைத்தொடரைத் தாண்டி ஆங்கரேஜ் நகரம் வரை போய்விட்டு அங்கே பெட்ரோல் போடாமலே திரும்பி வந்திருக்கிறோம்.

அது அப்பாவுக்குப் போதவில்லை. போன வருஷம் அதைக் கொடுத்துவிட்டு ஆறு பேர் உட்காரும் விமானத்தை வாங்கினார். ஆறு பேர், ஐந்து மணி நேரம் என்று ஊர் முழுக்கச் சொன்னார். இரண்டும் உண்மைதான். ஆறு பேர் உட்காரலாம். டேங்க் நிறைய இருந்தால் ஐந்து மணி நேரம் பறக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நாளில் நடக்காது. ஆறு பேர் ஏறினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். பெட்ரோலை நிரப்பினால் ஆளைக் குறைக்க வேண்டும். விமானம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான் இது. தெரிந்தே எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

ஆர்லோ மட்டும் அப்பாவைச் சீண்டுவார். அவர் எழுபதைத் தாண்டியவர், தனி ஆள்.

"உன் பிளேன்ல ஆறு சீட்டு இருக்கு, ஹால்வர். என் வீட்டுல பன்னெண்டு ஸ்பூன் இருக்கு. அதுக்காகப் பன்னெண்டு பேருக்கு சூப் இருக்குன்னு ஆயிடுமா?"

அப்பா சிரித்துக்கொண்டே, "நீ தனியாவே குடிச்சு முடி" என்பார்.

ஏன் ஆறு என்பதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாதான் சொன்னாள். அப்பாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மீன்பிடி முகாமிலிருந்து குடும்பத்தைக் கூட்டி வர அவருடைய அப்பா விமானத்தில் போனார். எல்லோரும் ஏற முடியவில்லை. அம்மாவையும் கைக்குழந்தையையும் முதலில் ஏற்றிக்கொண்டு, பெரிய பையன்கள் இரண்டு பேரையும் அடுத்த தடவை கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே வானம் மூடிக்கொண்டது. அண்ணன் நில்ஸுக்கு வயிற்று வலி வந்தது. அப்பாவுக்குச் செய்யத் தெரிந்தது வெந்நீர் வைப்பது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே இருந்தாராம். விமானம் திரும்பி வந்தபோது நில்ஸ் இறந்து நாளாகியிருந்தது. அதனால் 'அடுத்த தடவை' என்ற பேச்சை அப்பா முன்னால் எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஆகஸ்டில் அப்பா ஒருநாள் ஆறு பேரை ஏற்றி ஒரு சுற்று பறந்து காட்டினார். எங்கள் ஓடுபாதை சரளைக்கல் பாதை. ஒரு முனையில் ஆற்றங்கரை, மறு முனையில் வில்லோ புதர், அதற்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரங்கள். பாதை முடிகிற இடம் வரை சக்கரம் தரையை விடவில்லை. பிறகு விட்டது. கீழே எதுவோ சரசரவென்று உரசும் சத்தம் கேட்டது. இறங்கிய பிறகு அப்பா குனிந்து, சக்கரத்தின் இடுக்கில் சிக்கியிருந்த வில்லோ இலைகளைப் பிடுங்கி, அம்மா வருவதற்குள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

கோடையோடு பள்ளிக்கூடம் மூடிவிட்டது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் அரசாங்கம் பணம் தராது. ஒரு குடும்பம் கிளம்பியதும் நாங்கள் ஏழு பேராகிவிட்டோம். பள்ளிக்கூடம் போனதும் தபால் விமானம் நின்றது. தண்ணீர் குறைவு என்று பெட்ரோல் கொண்டுவரும் படகும் இந்த வருஷம் வரவில்லை. ஒவ்வொரு வீடாகக் காலியானது. மூஸ் மான் வேட்டை முடியட்டும் என்று அப்பா நாளைத் தள்ளினார். அப்புறம் மழை, அப்புறம் மூடுபனி. இப்போது ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்துவிட்டது. மிச்சம் இருப்பது நாங்களும் ஆர்லோவும்தான். ஆர்லோ வரமாட்டார்.

போகிறவர்கள் அப்பா, அம்மா, நான், ஏழு வயதுத் தம்பி எமெட், அம்மாவின் தம்பி ட்வைட் மாமா, பிறகு கோரின் டீச்சர். டீச்சருக்குப் போக வேறு வழி கிடையாது என்பதால் அப்பா கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆறு சீட்டு, ஆறு பேர். ஒரே தடவை.

இரண்டு தடவையாகப் போனால் ஒன்றும் ஆகாது. முதலில் மூன்று பேரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆங்கரேஜில் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மற்றவர்களைக் கூட்டிப் போகலாம். ஒரே நாளில் முடிகிற வேலை. அதைச் சொல்ல முடியாது என்பதால்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இன்று காலை எல்லோரையும் எடை போட்டோம். விமானக் கொட்டகையில் சரக்கு நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது. எங்கள் வழக்கம் இதுதான்: போகும்போது போடுகிற கோட்டோடும் பூட்ஸோடும், தூக்குகிற பையோடும் அதில் ஏறி நிற்க வேண்டும். ஏறியவர் கூரையைப் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்துச் சொல்வது நான். பத்து வயதிலிருந்து அது என் வேலை. அப்பா மனதிலேயே கூட்டிக்கொள்வார்.

முதலில் அம்மா ஏறினாள். நான் பத்து பவுண்டு கூட்டிச் சொன்னேன். அம்மா முகம் சுருங்கியது. டீச்சருக்குப் பதினைந்து கூட்டினேன். அவர் தன் பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ட்வைட் மாமாவுக்கு எவ்வளவு கூட்டினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. இருபது கூட்டினேன்.

"அவ்வளவுதானா? தராசு ரிப்பேருன்னு நினைக்கிறேன்" என்றார் மாமா. "அக்கா, காலையில ரெண்டாவது தட்டு சாப்பிடாதேன்னு சொன்னியே, நான்தான் கேக்கல."

அப்பாவுக்கும் எனக்கும் பத்துப் பத்து. எமெட்டுக்கும் பத்து கூட்டினேன். அவன் எண்ணைக் கேட்டதும் தராசிலிருந்து குதித்து இறங்கி, ஜூனிலிருந்து எவ்வளவு வளர்ந்துவிட்டேன் பார் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான்.

மொத்தம் எழுபத்தைந்து பவுண்டு பொய். அப்பா தலையைக் குனிந்து கணக்குப் போட்டார். இப்போது அவர் நிமிர்ந்து மாமாவிடம், நீயும் டீச்சரும் மத்தியானம் வாங்க என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். மாமா பெரிய ஆள். ஆர்லோ வீட்டில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் ஆகாது.

அப்பா நிமிர்ந்தார். "சரி. பெட்ரோலை இன்னும் கொஞ்சம் இறக்கிடலாம்" என்றார்.

எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தும் தோன்றவில்லை. ஆளைக் குறைக்க முடியாதவர் வேறு எதைக் குறைப்பார்?

ஆங்கரேஜுக்கு இரண்டு மணி நேரம். ஒன்றரை மணி நேரத்தில் கணவாய் வரும். இரண்டு மலைகளுக்கு நடுவே போகிற அந்த இடத்தில் மேகம் இறங்கியிருந்தால் உள்ளே நுழையக் கூடாது. திரும்பி வர வேண்டும். அங்கே போய்த் திரும்புவதற்கே மூன்று மணி நேரம் ஆகும். வழியில் இறங்குவதற்கு ஒரு இடமும் இல்லை. அப்பா முதலில் வைத்திருந்த கணக்கு மூன்றரை மணி நேரப் பெட்ரோல். அதுவே ஐந்திலிருந்து குறைத்ததுதான், ஊரில் விமானத்துக்கு மிச்சமிருந்த பெட்ரோலும் அவ்வளவுதான். என் பொய்க்காக அதிலிருந்தும் இறக்கினார். அளவுகோலை டேங்குக்குள் விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். இரண்டு மணி நாற்பது நிமிடம். நான் சொன்ன பொய்யின் விலை ஐம்பது நிமிடம். நாளைக்குக் கணவாய் மூடியிருந்தால் வீட்டுக்குத் திரும்ப முடியாது.

"போற நேரம், அதுக்கு மேல அரை மணி. சட்டம் கேக்கறது அவ்வளவுதான்" என்றார். "நம்மகிட்ட அதுக்கும் மேல பத்து நிமிஷம் இருக்கு."

இறக்கிய பெட்ரோலை கேன் கேனாக ஆர்லோவிடம் கொடுத்தார். மாமா தூக்கிக்கொண்டு போனார். கூடவே, பெட்டியில் உறைய வைத்திருந்த மூஸ் இறைச்சியையும் ஆர்லோ எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இந்த வருஷம் அடித்த மூஸ். அம்மா அதை வெட்டிக் காகிதத்தில் சுற்றி வைக்க இரண்டு நாள் ஆனது. அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கொட்டகையிலேயே நின்றேன். மத்தியானம் வரை சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொன்னால் அப்பா கேன்களைத் திரும்பக் கொண்டுவந்து டேங்கில் ஊற்றுவார், மறுபடி மூன்றரை மணி நேரம் ஆகிவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். முதலில் ஆர்லோ வீட்டுக்குப் போய், கேன்கள் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் தன் பீப்பாயைக் கட்டையால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் கலந்துட்டேன், மாரிட். பனி வண்டிக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க ஓடும்" என்றார். "உங்கப்பன் ஸ்பூன் கணக்கு போட்டாலும் நல்ல மனுஷன்."

எண்ணெய் கலந்த பெட்ரோலை விமானத்தில் ஊற்ற முடியாது. அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியும் போய்ச் சொன்னேன். பெட்ரோல் போனது போனதுதான், ஆனால் உண்மை தெரிந்தால் அப்பா பயந்து, நாளைக்கு வேண்டாம் என்று நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் எஞ்சின் மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். பத்து, பதினைந்து, இருபது என்று ஒவ்வொருவருக்கும் கூட்டியதைச் சொன்னேன். ஏன் கூட்டினேன் என்பதையும் சொன்னேன். 'அடுத்த தடவை' என்ற வார்த்தையையும் சொல்லிவிட்டேன்.

அவர் கை நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். இதுவரை அடித்ததில்லை.

"எழுபத்தஞ்சா?" என்றார்.

"ஆமாப்பா."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

போர்வையின் கயிற்றை இழுத்துக் கட்டி முடித்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார். "பயப்படற புள்ளைங்க இப்படித்தான் ஏதாவது பண்ணும். நான் திட்ட மாட்டேன். ஆனா அந்தப் பேச்சை இனி எடுக்காத. யாரையும் விட்டுட்டுப் போற ஆள் நான் இல்ல."

"பெட்ரோல் போதாதுப்பா. கணவாய் மூடியிருந்தா?"

"மூடியிருக்காது" என்றார். நாளைக்கு உயர் அழுத்தம் வந்து வானம் தெளிகிறதாம், ரேடியோவில் சொன்னானாம், மூன்று வாரத்தில் இது ஒன்றுதான் நல்ல நாளாம். இதை விட்டால் ஆறு முழுக்க உறைந்து, பகல் சுருங்கி, இந்த ஊரில் பெட்ரோல் இல்லாமல் மாட்டிக்கொள்வோமாம். எல்லாமே சரிதான். ஒன்றைக்கூட என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் முகம் மலர்ந்தது. "அப்போ எழுபத்தஞ்சு பவுண்டுக்கு இடம் இருக்கு."

சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொன்னார். மாரிட் தராசைத் தப்பாகப் பார்த்துவிட்டாள், நமக்கு எழுபத்தைந்து பவுண்டு மிச்சம் என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துதான் அப்படிச் சொன்னார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இந்த மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் லேசானது. மாமாவும் அப்பாவும் உடனே எழுந்து போய் ஆர்லோவிடமிருந்து மூஸ் இறைச்சியைத் திரும்ப வாங்கி, நேராக விமானத்தின் பின்பக்கத்தில் அடுக்கி, வலை போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார்கள். ஆங்கரேஜ் போய்ச் சேர்ந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது என்று டீச்சரும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். எமெட் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்ப நான் வளரலையா?" என்று என்னைக் கேட்டான்.

"கொஞ்சம் வளந்திருக்க" என்றேன். அவன் அழுதுகொண்டே போய்ப் படுத்துவிட்டான்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தேன். கதவுப் பக்கத்தில் பைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். இருட்டில் அம்மாவின் பை காலில் இடித்தது. நகர்த்தி வைக்கலாம் என்று இழுத்தேன், நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலையில் தராசில் இந்தப் பையைத் தூக்கி வைத்தது நான்தான், ஒரு கையால் வைத்தேன்.

அப்புறம் டீச்சரின் பையைத் தூக்கிப் பார்த்தேன். தோல் பட்டை பிய்ந்துவிடும்போல் முனகியது. உள்ளே அடுக்கடுக்காகப் புத்தகங்கள். அப்பாவின் பையை அசைத்தபோது ஸ்பானர்கள் ஒன்றோடொன்று இடித்தன. மாமா தன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். அதன் ஓரத்தை விரலால் அழுத்தினேன். தோட்டாப் பெட்டிகளின் மூலைகள் தட்டுப்பட்டன. எழுபத்தைந்து மிச்சம் என்று கேட்டதும் ஒவ்வொருவரும் தனக்குத் தனக்கென்று ஓரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எமெட்டின் சின்னப் பையில் ஆற்றுக் கற்கள். என் பையில் பனிச்சறுக்கு பூட்ஸ். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தேன். எல்லாம் தெரிந்த நானே வைத்தேன். ஒரு ஜோடி பூட்ஸால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இறைச்சியோடு சேர்த்து இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. காலையில் மறுபடி தராசு கிடையாது. ஒருமுறை போட்டாகிவிட்டது.

அம்மா எழுந்து வந்தாள். விளக்குப் போடவில்லை.

"என்னடி பண்ற?"

"உன் பையில என்னம்மா வச்சிருக்க?"

"தையல் மெஷின்" என்றாள். "தலை மட்டும்தான். அங்க போய் நான் எதை வச்சுச் சம்பாதிக்கறது?"

"எல்லார் பையும் கனமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லணும்."

"சொல்லு" என்றாள் அம்மா. "சொன்னா அவர் எதை இறக்குவாருன்னு நினைக்கிற?"

அம்மாவும் விமானம் ஓட்டுகிறவரின் மனைவிதான். சட்டைப் பைக்குள் போன இலைகள் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. சொன்னால் அப்பா இன்னும் பெட்ரோலை இறக்குவார். சட்டம் கேட்கிற அரை மணிக்கு மேல் இருக்கிற அந்தப் பத்து நிமிடமும் போகும். சொல்லாவிட்டால் புதருக்கும் மரங்களுக்கும் முன்னால் சக்கரம் தரையை விட வேண்டும். இரண்டில் எது என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"நாம போகாம இருந்துடலாமா?" என்று கேட்டேன்.

"இருந்து?" என்றாள். அது கேள்வி மாதிரி இல்லை. குனிந்து தன் பையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, தரையோடு இழுத்துக்கொண்டு படுக்கைப் பக்கம் போனாள்.

நான் என் பூட்ஸை வெளியே எடுத்தேன். எமெட்டின் கற்களையும் எடுத்தேன். அவன் பையைத் திறந்து பார்க்க மாட்டான் என்று நினைக்கிறேன். கதவைத் திறந்து, சத்தம் வராமல் ஒவ்வொரு கல்லாகப் படியில் வைத்தேன். பனி பெய்து பயணம் நின்றுவிட வேண்டும் என்று சாயங்காலத்திலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு மேகம்கூட இல்லை. இங்கே இல்லை. கணவாயில் எப்படி இருக்கிறதென்று இங்கிருந்து தெரியாது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கதவச் சாத்து. குளிருது."